கிறைஸ்ட்சர்ச் 2011: 7.1-இல் தப்பிய நகரம் 6.2 பின்னதிர்வில் ஏன் இடிந்தது?

முத்துச்சிப்பி கேட்டது:

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர நிலநடுக்கங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சில இடங்களில் கணக்கு உதைக்கிறது. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

4 செப்டம்பர் 2010, அதிகாலை 4.35-க்கு 7.1 அளவில் அதிர்வு. இடிபாட்டில் சிக்கி ஒருவரும் சாகவில்லை. 22 பிப்ரவரி 2011, பகல் 12.51-க்கு 6.2 (சில கட்டுரைகளில் 6.3). 185 பேர் இறந்துபோனார்கள். இந்த இரண்டாவதை முதலாவதன் பின்னதிர்வு என்கிறார்கள். ஐந்தரை மாதம் கழித்து வந்ததைப் பின்னதிர்வு என்று எப்படிச் சொல்வது? சிறியது எப்படிப் பெரியதைவிட அதிகமாக அழித்தது?

அடுத்தது, 115 பேர் இறந்த சிடிவி (கேன்டர்பரி டெலிவிஷன்) கட்டடத்துக்கு செப்டம்பருக்குப் பிறகு சோதனை செய்து பச்சை ஒட்டி (ஸ்டிக்கர்) கொடுத்திருந்தார்கள். அப்படியானால் பச்சை என்பதற்கு என்னதான் பொருள்?

கடைசியாக, பின்னதிர்வுகள் தொடர்ந்து வரும் ஊரில் ஒரு குடும்பம் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் "உடனே வெளியே ஓடு", "கட்டிலுக்குப் பக்கத்தில் முக்கோண இடத்தில் படு" என்றே இருக்கிறது.

---

பாறைப்பிளவு:

முதலில் 6.2-ஆ 6.3-ஆ என்பதைப் பார்த்துவிடுவோம். இரண்டும் ஒரே அதிர்வுதான். 6.3 என்பது ரிக்டர் வகை உள்ளூர் அளவுகோலில் கணித்தது. 6.2 என்பது திருப்புத்திறன் (மொமென்ட்) அளவுகோலில் கணித்தது. இரண்டு நிலநடுக்கங்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள், குழப்பம் வராது.

அளவில் 1 கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 7.1-க்கும் 6.2-க்கும் இடையில் 0.9. அப்படிப் பார்த்தால் செப்டம்பர் அதிர்வு பிப்ரவரியைவிட ஏறக்குறைய 22 மடங்கு ஆற்றல் கொண்டது. ஆனால் அது நடந்த இடம் நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, டார்ஃபீல்டு பக்கம், பண்ணை நிலங்களுக்கு அடியில். கிரீன்டேல் பிளவு என்று இன்று சொல்கிறோமே, அப்படி ஒன்று அங்கே இருப்பதே அன்று காலைவரை யாருக்கும் தெரியாது. ஆற்றுச் சரளைக்கல் அதை மூடிக் கிடந்தது. தரை சுமார் 29 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. நேர்க்கோட்டில் போன வேலிகளும் சாலைகளும் சில இடங்களில் 4 மீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் விலகி நின்றன.

பிப்ரவரி அதிர்வு நகர மையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள், வெறும் 5 கிலோமீட்டர் ஆழத்தில். தெருமுனையில் வெடிக்கும் அணுகுண்டுப் பட்டாசைவிடக் காதோரம் வெடிக்கும் ஊசிப்பட்டாசுதான் செவிப்பறையைக் கிழிக்கும். இங்கே நடந்தது அதுதான்.

கட்டடம் உணர்வது ஆற்றலை அல்ல, தன் காலடியில் தரை எவ்வளவு வேகமாக உதறப்படுகிறது என்பதை. அதைத்தான் முடுக்கம் என்று அளக்கிறோம். ஹீத்கோட் பள்ளத்தாக்கில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்த கருவி, மேல்கீழ்த் திசையில் புவியீர்ப்பைப் போல 2.2 மடங்கு முடுக்கத்தைப் பதிவுசெய்தது. 1-ஐத் தாண்டினாலே தரையில் கட்டிவைக்காத பொருள் எம்பும். நகர மையத்தில் இவ்வளவு இல்லை. ஆனாலும் செப்டம்பரில் அங்கே பதிவானதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அது சனிக்கிழமை விடியற்காலை, ஊரே மரவீடுகளில் படுக்கையில். பிப்ரவரியில் அது செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரம், அலுவலகங்களும் கடைத்தெருவும் நிறைந்திருந்தன.

இப்போது "ஐந்தரை மாதம் கழித்து எப்படி" என்ற கேள்வி. பின்னதிர்வு என்பதைத் தீர்மானிப்பது நாட்காட்டி அல்ல. பெரிய அதிர்வு ஒன்று சுற்றுப்பாறையின் இறுக்கத்தை மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் பட்ட பகுதியில் அதிர்வுகளின் எண்ணிக்கை வழக்கமான நிலைக்கு இறங்கும்வரை வருவதெல்லாம் பின்னதிர்வுதான்.

எண்ணிக்கை எப்படி இறங்கும் என்பதை ஜப்பானின் ஒமோரி 1894-லேயே கண்டு சொல்லிவிட்டார். நாளுக்கு எதிர்விகிதத்தில் குறையும். முதல் நாள் 100 வந்தால் பத்தாம் நாள் சுமார் 10, நூறாம் நாள் சுமார் 1. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் கூட்டிப் பாருங்கள்: முதல் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் மொத்தம் எத்தனை வந்தனவோ, பத்தாம் நாளுக்கும் நூறாம் நாளுக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அத்தனை வரும். முன்பு ஒன்பது நாளில் வந்தது இப்போது மூன்று மாதத்தில் பரவி வரும், அவ்வளவுதான். 22 பிப்ரவரி என்பது 171-ஆம் நாள். இந்தக் கணக்கில் அது அப்படியொன்றும் பிந்திய நாள் அல்ல.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. நாளாக ஆகக் குறைவது எண்ணிக்கை மட்டுமே, அளவு அல்ல. ஒவ்வொரு பின்னதிர்வும் பெரியதாக இருக்கும் வாய்ப்பு முதல் நாளில் எவ்வளவோ, நூறாம் நாளிலும் அவ்வளவே. 5 அளவில் ஒன்று வந்தால் 4 அளவில் பத்து வரும் என்ற விகிதம் கடைசிவரை மாறாது. மிகப் பெரிய பின்னதிர்வு முதன்மை அதிர்வைவிடச் சராசரியாக 1.2 குறைவாக இருக்கும் என்பது போத் விதி. 7.1-இலிருந்து 1.2 போனால் 5.9. வந்தது 6.2. அளவைப் பொறுத்தவரை இது இயற்கை மீறிய ஒன்றே அல்ல. அது விழுந்த இடம்தான் பேரழிவு.

இன்னொன்று. 13 ஜூன் 2011 அன்று பகல் 1 மணிக்கு ஒன்று வந்தது. சுமார் 80 நிமிடம் கழித்து, 2.20-க்கு அதைவிடப் பெரியது. அதே ஆண்டு 23 டிசம்பரிலும் இதே கதை, ஏறத்தாழ இதே இடைவெளி. "வந்தது போய்விட்டது, உள்ளே ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்துவிடலாம்" என்று நினைப்பவர் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த 80 நிமிடத்தை.

---

கம்பிகட்டி:

பச்சை ஒட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். மூன்று நிறம்: சிவப்பு என்றால் நுழையக் கூடாது, மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு மட்டும், பச்சை என்றால் "இப்போதைக்கு நுழையத் தடை இல்லை". கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள். பாதுகாப்பானது என்று அதில் எங்கும் இல்லை. முதல்கட்டச் சோதனை பெரும்பாலும் வெளியிலிருந்து சுற்றிப் பார்ப்பது, ஒரு கட்டடத்துக்குச் சில நிமிடங்கள். நூற்றுக்கணக்கான கட்டடங்களை இரண்டு மூன்று நாளில் பார்த்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. அந்தச் சோதனை கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "நேற்று நின்ற அளவுக்கு இன்றும் நிற்கிறதா?" நேற்றே அது பலவீனமாகக் கட்டப்பட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்க அங்கே வழியில்லை. அடுத்த பெரிய குலுக்கல் வந்த நொடியில் அந்தத் தாள் செல்லாது. மறுபடி பார்க்க வேண்டும்.

சிடிவி கட்டடம் ஆறு மாடி, 1980-களில் கட்டியது. மூன்று கோளாறு ஒன்றாகச் சேர்ந்தது.

ஒன்று, தூண்களின் சுற்றுக்கம்பி. நம் ஊர் சைட்டில் ரிங் என்கிறோமே, அது. அங்கே வட்டத் தூண்களில் 6 மி.மீ. கம்பியைச் சுருளாக 250 மி.மீ. இடைவெளியில் சுற்றியிருந்தார்கள். ஒரு கை முழுதாக நுழையும் இடைவெளி அது. ரிங் நெருக்கமாக இருந்தால் தூண் வளைந்தாலும் உள்ளே இருக்கும் காங்கிரீட் உதிராமல் பிடித்துக்கொள்ளும், பாரத்தைச் சுமந்துகொண்டே ஆடும். ரிங் அகலமாக இருந்தால் மேல்தோல் உதிர்ந்ததும் உள்காங்கிரீட்டும் கொட்டும், நிமிர்ந்த கம்பிகள் வெளிப்பக்கம் பிதுங்கும், தூண் சுருண்டு உட்காரும். தளத்தின் மேல் தளம் அடுக்கப்பம்போல விழும்.

இரண்டு, லிஃப்ட்டும் படிக்கட்டும் இருந்த பலமான காங்கிரீட் கூடு கட்டடத்தின் வடக்கு ஓரத்தில் இருந்தது, நடுவில் அல்ல. ஒரு பக்கம் பலம், மறுபக்கம் பலவீனம் என்றால் கட்டடம் நேராக ஆடாது, திருகும். திருகும்போது தூரத்து மூலைத் தூண்களுக்கு இழுப்பு அதிகம்.

மூன்று, தளங்களை அந்தக் கூட்டோடு பிணைத்த இணைப்பு போதவில்லை. எல்லாம் விழுந்த பிறகு வடக்குக் கூடு மட்டும் தனியாக நின்றது. பலமான உறுப்பு இருந்தது, ஆனால் மற்றவற்றை அது பிடித்துக்கொள்ளவில்லை. வெளியே நின்று சுவரைப் பார்த்தவர் கண்ணுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடப் படாது.

"வெளியே ஓடு" என்பதைப் பற்றி. கிறைஸ்ட்சர்ச் நகர மையத்தில் கம்பி போடாத பழைய செங்கல் கட்டடங்கள் நிறைய. அப்படிப்பட்ட கட்டடங்களிலிருந்து விழுந்ததில் மட்டும் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெருவில் இருந்தவர்கள், உள்ளே இருந்தவர்கள் அல்ல. செங்கல் முகப்பும் கைப்பிடிச் சுவரும் மேல்தளத்தோடு பிணைக்கப்படாமல் சும்மா நிற்பவை. ஆடும்போது அவை வெளிப்பக்கம்தான் சரியும், நடைபாதைமேல். கொழும்பு தெரு என்றொரு முக்கியத் தெரு உண்டு, பெயர் நமக்குப் பழகியது. அங்கே ஓடிக்கொண்டிருந்த பேருந்தின்மேலேயே முகப்புச் சுவர் விழுந்தது. ஆகவே ஆட்டம் நடக்கும்போது வாசலைத் தேடாதீர்கள். தரையோடு தாழுங்கள், உறுதியான மேசைக்கடியில் தலையும் கழுத்தும் போகும்படி புகுந்துகொள்ளுங்கள், மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகரும், கூடவே நகருங்கள். மேசை இல்லையென்றால் உள்சுவரோரம் குனிந்து கைகளால் தலையை மூடுங்கள். படுக்கையில் இருந்தால் அங்கேயே கிடந்து தலையணையால் தலையை மூடுங்கள். முக்கோண இடம், அதாவது விழும் கூரை கட்டில்மேல் சாய்ந்து பக்கத்தில் உண்டாகும் என்று சொல்லும் இடைவெளி, ஆட்டத்தின் நடுவே யாரும் கணித்துப் போய்ச் சேர முடியாத இடம். நிற்கவே முடியாது, எங்கே போய்ப் படுப்பது?

ஆடிய சுவருக்கு முன்னால் வேலி போடுவதிலும் தவறு நடக்கும். சுவர் 8 மீட்டர் உயரம் என்றால் வேலி 2 மீட்டரில் நிற்கும். விழும் செங்கல் 2 மீட்டரோடு நிற்காது, தெறித்து ஓடும். உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி, அதாவது 12 மீட்டரில் வேலி இருக்க வேண்டும். எதிர்க்கடைக்காரர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குள் திரும்புவதற்கு முன் வெளியே தூர நின்று ஒரு சுற்று வாருங்கள். முதலில் கூரை: அந்த ஊர் மரவீடுகள் நன்றாகவே தாங்கின, ஆனால் அவற்றின் செங்கல் புகைபோக்கிகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன, பல கூரையைத் துளைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் விழுந்தன. பாதி உடைந்து நிற்கும் புகைபோக்கி அடுத்த பின்னதிர்வுக்குக் காத்திருக்கிறது என்று பொருள். அதன் நிழல் விழும் பக்கம் போகாதீர்கள், அதற்கு நேர் கீழே உள்ள அறையில் படுக்காதீர்கள். பிறகு ஜன்னல் மூலைகள், இரண்டு ஜன்னலுக்கு இடைப்பட்ட சுவர்: அங்கே பெருக்கல் குறிபோலக் குறுக்கு நெடுக்காக விரிசல் இருந்தால் அந்தச் சுவர் இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருக்கிறது. காலையில் சரியாகச் சாத்திய கதவு இப்போது பிடித்துக்கொண்டால் சட்டம் கோணியிருக்கிறது, அதாவது சுவரோ அடித்தளமோ நகர்ந்திருக்கிறது.

எரிவாயு வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள், அணைக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு வெளியேறுங்கள். கிறைஸ்ட்சர்ச் இருக்கும் தெற்குத் தீவில் இயற்கை எரிவாயுக் குழாய் கிடையாது. பல வீடுகளில் 45 கிலோ எல்பிஜி உருளைகளைச் சுவருக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். மேலே ஒரு சங்கிலி, கீழே ஒரு சங்கிலி என்று இரண்டால் கட்டியவை நிற்கும். ஒற்றைச் சங்கிலியில் அடிப்பகுதி வழுக்கி வெளியே வரும், இணைப்புக் குழாய் முறியும்.

---

முத்துச்சிப்பி:

மிக்க நன்றி. இதுவரை எந்தக் கட்டுரையும் எண்ணிக்கைதான் குறையும், அளவு குறையாது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு துணைக்கேள்வி: கிழக்குப் புறநகரங்களில் தரையிலிருந்து சேறு பொங்கியதாகப் படித்தேன். ஒருமுறை பொங்கிய மண் இறுகிவிடும், அடுத்தமுறை பொங்காது என்று நினைத்தேன். சரியா?

---

ஊற்றுக்கண்:

சரியல்ல. அந்த எண்ணம் பலரைச் செலவில் இழுத்துவிட்ட எண்ணம். ஏவான் ஆற்றோரப் பகுதிகளில் செப்டம்பரில் பொங்கியது, பிப்ரவரியில் அதைவிட மோசமாகப் பொங்கியது, ஜூனில் பொங்கியது, டிசம்பரிலும் பொங்கியது. ஒரே வீட்டு முற்றத்தில்.

காரணம் இதுதான். அங்கே நிலத்தடி நீர் பல இடங்களில் ஓரிரு மீட்டர் ஆழத்திலேயே நிற்கிறது. அடியில் தளர்வான நுண்மணலும் வண்டலும். குலுக்கும்போது மணிகள் நெருங்கப் பார்க்கும், இடையில் இருக்கும் நீருக்குப் போக இடமில்லை, அழுத்தம் ஏறும். மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டு நீரில் மிதக்கத் தொடங்கும். அந்த நிமிடம் தரை என்பது குழம்பு. கனமானது தாழும், லேசானது மிதக்கும். வீடுகள் ஒரு பக்கம் அமிழ்ந்தன, மண்ணுக்குள் இருந்த காலி மேன்ஹோல்கள் மேலே எழும்பிச் சாலைக்கு வெளியே தலைநீட்டின. ஆற்றங்கரை ஆற்றை நோக்கி வழுகியது, கூடவே வீட்டின் அடித்தளமும் இழுபட்டுப் பிளந்தது. நீர் வெளியேறியதும் மணல் மறுபடி படியும், ஆனால் மேலே எழுந்த நீரோடு வந்து படிந்த மேல்மண் பழையபடி தளர்வாகத்தான் இருக்கும். இதனால்தான் சுமார் 8,000 வீடுகள் இருந்த நிலத்தை மீண்டும் குடியிருப்பாக்க வேண்டாம் என்று அரசு முடிவுசெய்து விலைகொடுத்து வாங்கியது.

நகரத்திலிருந்து அள்ளிய சேறு 4 லட்சம் டன்னுக்கும் மேல். கேன்டர்பரி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய தன்னார்வப் படை தெருத்தெருவாக அள்ளியது. அள்ளுவதற்கும் முறை உண்டு. கழிவுநீர்க் குழாய்கள் உடைந்திருப்பதால் அது வெறும் மண் அல்ல, சாக்கடை கலந்த மண். முழங்கால் பூட்ஸ், ரப்பர் கையுறை வேண்டும். ஈரம் இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும், காய்ந்தால் மாவுபோலப் பறந்து மூச்சில் ஏறும், பிறகு முகமூடி இல்லாமல் அந்தத் தெருவில் நடக்க முடியாது. ஈரவண்டல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன். தள்ளுவண்டியை நிறைக்காதீர்கள், பாதியோடு நிறுத்துங்கள், இடுப்பு தாங்காது. வாசல் ஓரம் குவியுங்கள், ஆனால் மழைநீர் வடிகாலின் வாயை விட்டுத் தள்ளி. வடிகாலுக்குள் தள்ளிவிட்டால் அடுத்த மழைக்கு உங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். தேங்கிய சேற்றில் கால் வைக்கும் முன் கம்பால் குத்திப் பாருங்கள், அடியில் குழி இருக்கலாம், மூடி போன மேன்ஹோலும் இருக்கலாம். மரத்தளத்துக்கு அடியில் புகுந்த வண்டலை மறக்காதீர்கள். அது காற்றோட்டத் துளைகளை அடைத்து, மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்து உத்திரங்களை அழுகச் செய்யும்.

தண்ணீர். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வையுங்கள். நாலு பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். சமையலும் கழுவலும் இதில் சேரவில்லை. அந்த ஊர் வீடுகளில் வெந்நீர்த் தொட்டி 135 அல்லது 180 லிட்டர் இருக்கும். குழாய்நீர் நின்ற பிறகு அதுதான் வீட்டின் கிணறு. பயன்படுத்தும் வரிசை முக்கியம்: முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், நீர் இல்லாத தொட்டியில் சூடேற்றும் சுருள் எரிந்துபோகும். அடுத்து, உள்ளே வரும் குழாயின் வால்வை மூடுங்கள். மூடாவிட்டால் உடைந்த தெருக்குழாயின் அழுக்குநீர் அழுத்தம் திரும்பும்போது உள்ளே கலக்கும். ஆறவிட்டு, அடிக்குழாய் வழியாகப் பிடியுங்கள். இதெல்லாம் தொட்டி நின்றால்தான். பட்டையால் மேலும் கீழும் சுவர்ச்சட்டத்தோடு கட்டாத தொட்டி சாய்ந்து, குழாயையும் முறித்து, இருந்த நீரையும் தரையில் கொட்டிவிடும்.

குழாய்நீர் திரும்பியதும் குடித்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். அடுப்பு இல்லையென்றால் வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு பிளீச் லிட்டருக்கு 5 சொட்டு, கலக்கி 30 நிமிடம் வைத்துப் பிறகு குடிக்கலாம்.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், முதல் நாள் இரவே அதுதான் பெரிய சிக்கல். சாக்கடைக் குழாய் உடைந்திருக்கும்போது ஒரு வாளி நீர் ஊற்றினால் அது அடுத்த வீட்டு முற்றத்தில் எழும். மூடியுள்ள 15 - 20 லிட்டர் வாளி இரண்டு எடுங்கள். ஒன்று சிறுநீருக்கு மட்டும், மற்றது மலத்துக்கு மட்டும். இரண்டும் கலந்தால்தான் நாற்றமும் கிருமியும் பெருகும், அளவும் சமாளிக்க முடியாததாகும். மல வாளியில் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி மரத்தூளோ காய்ந்த மண்ணோ போட்டு மூடுங்கள். சிறுநீரை நீர் கலந்து தோட்டத்தில் ஊற்றிவிடலாம்.

---

பாறைப்பிளவு:

ஊற்றுக்கண் சொன்னதோடு ஒரு எண். எவ்வளவு பலமான குலுக்கலைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று சொல்வது கட்டட விதியின் நிலநடுக்கக் காரணி. பிப்ரவரிக்கு முன்பு கிறைஸ்ட்சர்ச்சுக்கு அது 0.22. பின்பு 2011-லேயே அதை 0.30 ஆக்கினார்கள். பிளவுகள் தூண்டப்பட்டு, அதிர்வுகளின் எண்ணிக்கை இன்னும் பல ஆண்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்ற கணக்கு அதில் சேர்ந்தது. அந்தத் தொடரில் மொத்தம் 10,000-க்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாகின. 2016 பிப்ரவரியிலும் அங்கே 5.7 வந்தது.

---

கம்பிகட்டி:

விரிசலைக் கண்காணிப்பது எப்படி என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் தேதி, நேரம். விரிசல் அதைத் தாண்டி நீண்டால் புதுக் கோடு, புதுத் தேதி. நடுவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை இரண்டு விரல் அகலத்துக்கு அப்பி, அதன்மேலும் தேதி எழுதுங்கள். அது இழுபடாது, வெடிக்கும். வெடித்திருந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது. பூச்சில் மட்டும் உள்ள மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். பூச்சைக் கொத்திப் பார்த்து உள்ளே செங்கலும் பிளந்திருந்தாலோ, காங்கிரீட் தூணில் சாய்வாக விரிசல் ஓடினாலோ, தூணின் அடியிலும் தலையிலும் தோல் உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ அடுத்த பின்னதிர்வுக்குக் காத்திருக்காமல் அன்றே வெளியேறிவிடுங்கள். குறித்துவைத்த தேதிகளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் வரும்போது சுவர் இருந்தால் சுவரைக் காட்டலாம், இல்லையென்றால் படத்தைக் காட்டலாம்.